பின்தங்கும் மாணவர்: கடமை பள்ளிக்கு, செலவு பெற்றோருக்கு

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர் -

புது தில்லி: ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டுத் தேர்வில் தேறாத மாணவரை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என மத்திய கல்வி அமைச்சகம் 2024 டிசம்பரில் விதிகளைத் திருத்தியது. கேந்திரிய வித்யாலயம், நவோதயா வித்யாலயம், சைனிக் பள்ளி என மத்திய அரசின் கீழ் உள்ள சுமார் 3 ஆயிரம் பள்ளிகளுக்கு இது பொருந்தும். அதையொட்டி எழுந்த விவாதம் முழுவதும் "ஆல் பாஸ்" வேண்டுமா, வேண்டாமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தது.

அதே விதிகளில் உள்ள வேறொரு பகுதி எவருடைய கவனத்தையும் அதிகம் ஈர்க்கவில்லை. தேறாத மாணவருக்குக் கூடுதல் போதனை அளித்து, முடிவு வெளியான நாளில் இருந்து இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். அதிலும் தேறாவிட்டால் மட்டுமே நிறுத்தி வைக்கலாம். அவ்வாறு நிறுத்தி வைக்கப்படும் மாணவருக்கும் பெற்றோருக்கும் வகுப்பாசிரியர் வழிகாட்ட வேண்டும். கற்றலில் எங்கே இடைவெளி உள்ளது என்று கண்டறிந்து அதற்கேற்ற உதவியை அளிக்க வேண்டும். தலைமையாசிரியர் அத்தகைய மாணவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நேரடியாகக் கண்காணிக்க வேண்டும்.

இவ்வளவும் விதியில் உள்ளது. இந்த உதவியை எந்த ஆசிரியர், எந்த நேரத்தில், எந்த நிதியில் இருந்து அளிப்பார் என்பது மட்டும் விதியில் இல்லை. நிறுத்தி வைக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்த ஓர் உத்தரவு போதும். கைதூக்கிவிடும் கடமையை நிறைவேற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில்தான் பெற்றோர் டியூஷன் ஆசிரியரைத் தேடிச் செல்கின்றனர்.

மூன்று நிறுவனங்கள், மூன்று அமைச்சகங்கள்

இந்தப் பிரச்னையின் முழு உருவத்தையும் காண்பதற்கு மைசூருவைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை. படிப்பில் பின்தங்கும் குழந்தைக்கு உதவக்கூடிய மத்திய அரசு நிறுவனங்கள் மூன்று, அந்நகரின் மானசகங்கோத்ரி பகுதியில் அருகருகே அமைந்துள்ளன.

முதலாவது, 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். பேச்சு, செவித்திறன் குறைபாடுகளுடன் கற்றல் குறைபாடுகளையும் மதிப்பிட்டுப் பயிற்சி அளிக்கும் இடம் இது. கர்நாடகத்துக்கு மட்டுமின்றி, தாளவாடி, கூடலூர் போன்ற தமிழக எல்லையோரப் பகுதிகளுக்கும் இதுவே அருகில் உள்ள பெரிய மையம். இரண்டாவது, 1963-ல் அமைக்கப்பட்ட மண்டலக் கல்வியியல் நிறுவனம். என்.சி.இ.ஆர்.டி.யின் அங்கமான இது தமிழகம், புதுச்சேரி உள்ளிட்ட தென் மாநிலங்களுக்கான ஆசிரியர் கல்வி மையம். மூன்றாவது, 1969-ல் உருவான இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். எந்தக் குழந்தைக்கு எந்த மொழியை எப்படிக் கற்பிப்பது என்பது அதன் அடிப்படைப் பணிகளில் ஒன்று.

நோயறியும் மருத்துவமனை, மருத்துவரைத் தயாரிக்கும் கல்லூரி, மருந்தை ஆராயும் கூடம் ஆகிய மூன்றும் ஒரே தெருவில் இருப்பதற்கு இதை ஒப்பிடலாம். ஆயினும் மைசூருவில் ஒரு குழந்தை நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினால், பெற்றோர் முதலில் விசாரிப்பது பக்கத்துத் தெரு மாலை நேர டியூஷன் வகுப்பைத்தான். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அருகருகே இருக்கும் இந்த நிறுவனங்களுக்கும் குழந்தையின் வகுப்பறைக்கும் இடையே பாதை போடப்படவில்லை.

காரணம் தில்லியில் உள்ளது. பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மற்ற இரண்டும் கல்வி அமைச்சகத்தைச் சேர்ந்தவை. கற்றல் குறைபாட்டை மாற்றுத்திறனாக ஏற்றுக்கொண்ட சட்டமோ சமூகநீதி அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளது. குழந்தை படிக்கும் பள்ளி பெரும்பாலும் மாநில அரசின் ஆளுகைக்கு உட்பட்டது. சிறப்பாசிரியரின் பயிற்சியையும் பதிவையும் 1992-ம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் முறைப்படுத்துகிறது. சாதாரண ஆசிரியரின் பயிற்சியை 1993-ம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் கழகச் சட்டம் முறைப்படுத்துகிறது. முன்னது சமூகநீதி அமைச்சகத்தைச் சேர்ந்தது, பின்னது கல்வி அமைச்சகத்தைச் சேர்ந்தது. நாடாளுமன்றத்தில் இதுகுறித்து ஓர் உறுப்பினர் கேள்வி எழுப்ப விரும்பினால், ஒரே குழந்தையைப் பற்றி மூன்று அமைச்சர்களிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும்.

நூறாண்டுக்கு முந்தைய முன்னுதாரணம்

கல்விச் சட்டங்களின் வரலாற்றில் மைசூருக்குத் தனி இடம் உண்டு. கட்டாயத் தொடக்கக் கல்வி கோரி கோபால கிருஷ்ண கோகலே கொண்டுவந்த மசோதாவை மத்திய சட்டசபை 1912-ல் நிராகரித்தது. அடுத்த ஆண்டே, விசுவேசுவரய்யா திவானாக இருந்த மைசூர் சமஸ்தானம் தொடக்கக் கல்வி ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. பரோடாவுக்குப் பின் இத்துறையில் முன்னோடியாக நின்ற சமஸ்தானம் அது.

குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டு வருவதே அன்றைய சட்டத்தின் நோக்கம். அதே நோக்கம் 2002-ன் 86-வது அரசியல் சட்டத் திருத்தம் வழியாகவும், 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் வழியாகவும் நாடு முழுமைக்கும் வந்து சேர 90 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் கொண்டுவந்த அந்த மசோதா 2009 ஜூலையில் மாநிலங்களவையிலும், ஆகஸ்டில் மக்களவையிலும் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பள்ளிக்கு வந்த குழந்தை கற்கிறதா என்ற கேள்விக்கும் அச்சட்டத்தில் விடை உண்டு. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதல் போதனை அளிப்பது ஆசிரியரின் கடமை என 24-வது பிரிவு கூறுகிறது. ஆசிரியர் எவரும் தனியார் டியூஷன் நடத்தக்கூடாது என 28-வது பிரிவு தடை விதிக்கிறது. இவ்விரு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால் சட்டத்தின் கருத்து தெளிவாகும். பின்தங்கிய குழந்தைக்கான கூடுதல் உதவி பள்ளிக்குள்ளேயே, கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே அது.

நடப்பது நேர்மாறு. 2025-ல் வெளியான தேசிய மாதிரி ஆய்வின் விரிவான கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் பள்ளி மாணவர்களில் 27 சதவீதம் பேர் தனிப்பயிற்சிக்குச் செல்கின்றனர். நகர்ப்புறத்தில் இது 30.7 சதவீதம், கிராமப்புறத்தில் 25.5 சதவீதம். தனிப்பயிற்சிக்கான ஆண்டுச் செலவு மாணவர் ஒருவருக்குச் சராசரியாக நகரத்தில் ரூ. 3,988, கிராமத்தில் ரூ. 1,793. மேல்நிலை வகுப்பில் நகர்ப்புறச் செலவு ரூ. 9,950 ஆக உயர்கிறது. இலவசக் கல்வி என்று சட்டம் சொன்னது. கல்வியின் ஒரு பகுதி கடைச்சரக்காகிவிட்டது. பயிற்சி மையங்களின் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. பள்ளி செய்யத் தவறியதைப் பெற்றோர் காசு கொடுத்து வாங்கும்போது அதிலும் அரசு வரி வசூலிக்கிறது.

திணறல் ஒன்று, காரணங்கள் மூன்று

டியூஷனால் பயன் கிடைக்காமல் போவதற்கு ஆசிரியரின் திறமைக் குறைவு மட்டும் காரணமன்று. குழந்தை ஏன் திணறுகிறது என்பதை எவரும் முதலில் கேட்பதில்லை. பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதல் காரணம், அடிப்படை விடுபட்டுப் போவது. இடம்பெயர்வு, உடல்நலக் குறைவு, கொரோனா கால விடுப்பு எனக் காரணம் எதுவாயினும், இரண்டாம் வகுப்பில் கற்க வேண்டியது கற்கப்படாமல் குழந்தை ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிடுகிறது. 2024-ம் ஆண்டின் 'அசர்' ஆய்வின்படி, கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் 48.8 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறது. மீதிப் பாதிப் பேருக்கு ஐந்தாம் வகுப்புப் பாடத்தை மாலையிலும் ஒருமுறை நடத்துவதால் விளையும் பயன் சொற்பம். டியூஷன் பெரும்பாலும் வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்கிறது, தேர்வுக்கு மனப்பாடம் செய்விக்கிறது; அறுந்த இடத்துக்குத் திரும்பிச் செல்வதில்லை.

இரண்டாம் காரணம் மொழி. மைசூருவில் கன்னடம், உருது, தமிழ், தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அருகருகே வாழ்கின்றன. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஆங்கிலம் என்ற நிலையில் உள்ள குழந்தை கணக்கில் தவறு செய்வது கணக்கு தெரியாததால் இருக்காது. கேள்வி புரியாததால் இருக்கலாம். பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கே என்று கர்நாடக அரசு தொடர்புடைய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. உரிமை நிலைநாட்டப்பட்டது. வீட்டில் கேட்காத மொழியில் படிக்க வரும் குழந்தைக்குப் பாலம் அமைப்பது யார் பொறுப்பு என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

மூன்றாம் காரணம், கற்றல் குறைபாடு. அறிவுத்திறனில் எந்தக் குறையும் இல்லாத குழந்தைக்கு வாசிப்பிலோ, எழுத்திலோ, கணக்கிலோ தொடர்ந்து சிரமம் ஏற்படும். டிஸ்லெக்ஸியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா என்பவை இவ்வகையில் அடங்கும். பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் வரை இச்சிரமம் இருப்பதாக உலக அளவிலான மதிப்பீடுகள் கூறுகின்றன. 2007-ல் வெளியான 'தாரே ஜமீன் பர்' திரைப்படம் இதை நாடறியச் செய்தது. சென்னை டிஸ்லெக்ஸியா சங்கமோ 1990-களின் தொடக்கத்தில் இருந்தே இத்துறையில் பணியாற்றி வருகிறது.

இந்திய மொழிகளில் இதைக் கண்டறிவதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். கன்னடத்தில் அடிப்படை எழுத்துகளே 49. குறிகளும் ஒத்தெழுத்துகளும் சேர்ந்தால் வடிவங்கள் நூற்றுக்கணக்கில் பெருகும். தமிழில் 247. இவற்றில் முழுத் தேர்ச்சி பெற இயல்பான குழந்தைக்கே சில ஆண்டுகள் ஆகும் என்பதால், இரண்டாம் வகுப்பில் தடுமாறும் குழந்தைக்கு இருப்பது தாமதமா, குறைபாடா என்று பிரித்தறிவது எளிதன்று. ஆங்கிலக் குழந்தைகளுக்கென உருவான சோதனையை அப்படியே பயன்படுத்தவும் முடியாது. கன்னட வாசிப்பு குறித்த தொடக்க கால ஆய்வுகள் மைசூருவில் நடந்தது தற்செயலன்று. மதிப்பிடும் நிறுவனமும் மொழி நிறுவனமும் அருகருகே இருப்பதன் பயன் இங்கேதான்.

செவித்திறனையும் மறந்துவிடக் கூடாது. காதில் அடிக்கடி சீழ் வடியும் குழந்தைக்கு லேசான கேட்புக் குறைவு ஏற்பட்டிருக்கலாம். கடைசி வரிசையில் அமர்ந்து பாதியைக் கேட்டு, பாதியை ஊகித்து, "மந்தம்" என்று பெயர் வாங்கும் குழந்தைகள் உண்டு. கண்ணாடி அணிந்தால் தீரும் பிரச்னைக்கு ஆண்டுக்கணக்கில் டியூஷன் கட்டணம் செலுத்திய குடும்பங்களும் உண்டு. எனவே டியூஷனைத் தேடும் முன் கண்ணையும் காதையும் பரிசோதிப்பதே சரியான வரிசை.

சட்டம் சொல்வதும் சான்றிதழ் தருவதும்

1995-ம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்தப் பட்டியலை 21 ஆக உயர்த்தியபோதுதான் அதற்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. பணமதிப்பு நீக்கக் கூச்சலில் அவை முடங்கிக் கிடந்த அந்தக் கூட்டத்தொடரில், அரிதாக அனைத்துக் கட்சிகளும் ஒன்றுபட்டு நிறைவேற்றிய மசோதா அது.

குழந்தைகளிடம் உள்ள கற்றல் குறைபாட்டை மிக விரைவில் கண்டறிந்து, அதை வெல்வதற்குப் பொருத்தமான கற்பித்தல் நடவடிக்கைகளைக் கல்வி நிறுவனங்கள் மேற்கொள்ளச் செய்ய வேண்டும் என்று அச்சட்டத்தின் 16-வது பிரிவு அரசுகளுக்குக் கட்டளையிடுகிறது. 2018 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டு நெறிமுறைகள் மேலும் விவரமானவை. அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும் மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியர்களே முதற்கட்டச் சோதனை நடத்த வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் தலைமையில் இதற்கென ஒரு குழு இருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும் என அவை கூறின. மதிப்பீட்டுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுதி பரிந்துரைக்கப்பட்டது.

இந்த நெறிமுறை நடைமுறைக்கு வந்திருந்தால், பெற்றோர் தாமாக அலைய வேண்டிய தேவையே இராது. பள்ளியே கண்டறிந்து அனுப்பியிருக்கும். நடைமுறையிலோ பெரும்பாலான பெற்றோர் மதிப்பீட்டு மையத்தின் படியேறுவது குழந்தை எட்டாம் வகுப்பையோ பத்தாம் வகுப்பையோ நெருங்கிய பிறகுதான். அப்போது அவர்கள் வேண்டுவது பயிற்சியை அன்று. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கான சான்றிதழை. எட்டு வயதில் கற்பித்தலுக்கு உதவ வேண்டிய மதிப்பீடு, பதினைந்து வயதில் சலுகைச் சீட்டாகச் சுருங்கிவிடுகிறது.

அந்தச் சீட்டும் எப்போதும் மதிக்கப்படுவதில்லை. 2021-ம் ஆண்டு நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவருக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. மறுதேர்வு நடத்த உத்தரவிட மறுத்தாலும், மாணவிக்கு நேர்ந்த அநீதியைச் சரிசெய்யும் வழிகளைப் பரிசீலிக்குமாறு தேசிய தேர்வு முகமைக்கு உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் உத்தரவிட்டது. தேர்வுக்கூடத்தில் உள்ளவர்களுக்குச் சட்டம் தெரியாததன் விலையை மாணவர் செலுத்தக்கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஆள் எங்கே?

பள்ளிக்குள் உதவி கிடைக்க வேண்டுமானால் சிறப்பாசிரியர்கள் வேண்டும். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதற்கான விகிதத்தை வகுத்தது. தொடக்கநிலையில் சிறப்புத் தேவை உள்ள 10 மாணவருக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர். மத்திய அரசும் 2022 செப்டம்பரில் இதை அறிவிக்கையாக வெளியிட்டது. ஆயினும் மாநிலங்கள் பணியிடங்களை உருவாக்காததால், எத்தனை பணியிடங்கள் தேவை என்று கணக்கிட்டு அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

விகிதம் வகுத்தால் போதாது. எத்தனை குழந்தைகள் என்று தெரிந்தால்தானே எத்தனை ஆசிரியர் என்று கணக்கிட முடியும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கற்றல் குறைபாடு தனி இனமாகக் கேட்கப்படவில்லை. மூன்றாம் வகுப்புச் சோதனை நடைபெறாத பள்ளியில் ஒரு குழந்தையும் கணக்கில் வராது. கணக்கில் வராத குழந்தைக்குப் பணியிடம் உருவாகாது. பணியிடம் இல்லாத பள்ளியில் சோதனை நடத்தவும் ஆளிராது. இந்தச் சுழலில்தான் சட்டம் சிக்கிக் கொண்டுள்ளது.

நிதியும் இதே கதைதான். இத்தகைய ஆசிரியர்களில் பலர் சமக்ர சிக்ஷா திட்ட நிதியில், ஒப்பந்த அடிப்படையில், பல பள்ளிகளுக்குச் சுழற்சி முறையில் சென்று பணியாற்றுபவர்கள். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத காரணத்தால் தமிழகத்துக்கு 2024-25-ம் ஆண்டில் இத்திட்டத்தின் கீழ் வர வேண்டிய சுமார் ரூ. 2,152 கோடி நிறுத்தி வைக்கப்பட்டது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. கொள்கை மோதலில் எந்தத் தரப்பு சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிதிக் குழாயை அடைத்தால் முதலில் காயும் பயிர் எது என்பதை இரு தரப்பும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நலி-கலியும் இல்லம் தேடிக் கல்வியும்

வழி தெரியாத நாடல்ல இது. மைசூரு மாவட்டத்தின் காட்டோர வட்டமான ஹெக்கடதேவனகோட்டையில், யுனிசெஃப் உதவியுடன் 1995-ல் 'நலி-கலி' என்ற முறை தொடங்கப்பட்டது. தமிழில் நலிவைக் குறிக்கும் சொல் கன்னடத்தில் மகிழ்வைக் குறிக்கிறது. மகிழ்ந்து கற்பது என்பது பொருள். ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளி உருவாக்கிய முறையைக் கண்டு, அவ்வட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறைக்கு ஏற்ப அமைத்துக் கொண்டது அது. பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டது. குழந்தை தான் நின்ற படியில் இருந்து மறுநாள் தொடரும். பத்து நாள் வராத குழந்தைக்கும் பத்து நாள் பாடம் தவறிப்போகாது.

இம்முறை பின்னர் கர்நாடகம் முழுவதும் முதல் மூன்று வகுப்புகளுக்கு விரிந்தது. அதே ரிஷிவேலியில் இருந்துதான் தமிழகத்தின் செயல்வழிக் கற்றலும் வந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுவதும் பரவியது. இரு மாநிலங்களிலும் விரிவாக்கத்தின்போது அட்டைகள் மிஞ்சின, ஆசிரியரின் ஈடுபாடு தேய்ந்தது என்ற விமர்சனம் உண்டு. ஆயினும் குழந்தை நிற்கும் இடத்தில் இருந்து தொடங்கு என்ற அதன் அடிப்படை பழுதற்றது.

அதற்கு ஆய்வுச் சான்றும் உள்ளது. 2001 முதல் 2003 வரை மும்பை, வதோதரா நகரங்களின் அரசுப் பள்ளிகளில் 'பால்சகி' என்ற திட்டம் ஆராயப்பட்டது. அப்பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள், பின்தங்கிய 15 முதல் 20 குழந்தைகளைப் பள்ளி நேரத்திலேயே தனியே அழைத்து, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அடிப்படையை மட்டும் கற்பித்தனர். குழந்தைகளிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது; அதிகப் பயனடைந்தவர்கள் கடைசி நிலையில் இருந்த மாணவர்களே. இதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றனர்.

தமிழகத்தில் 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' இதே வழியில் பெரிய அளவில் நடந்தது. மாதம் ரூ. 1,000 ஊக்கத்தொகையில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் குடியிருப்புகளிலேயே கற்பித்தனர். கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் தமிழகக் கிராமப்புறங்களில் நடந்த ஆய்வு ஒன்று கணித்தது. பணம் கொடுக்க இயலாத வீட்டுக்கும் மாலை வகுப்பைக் கொண்டு சேர்க்க அரசால் முடியும் என்பதற்கு இது சான்று.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். விடுபட்ட அடிப்படையைத் தன்னார்வலர் மீட்டுத் தரலாம். டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைக்கு அவரது நல்லெண்ணம் மட்டும் போதாது. அதற்குப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் வேண்டும். தன்னார்வலர் முதலில் உதவுவது, முன்னேற்றம் இல்லாத குழந்தையைச் சிறப்பாசிரியர் பார்ப்பது, தேவையெனில் மைசூரு போன்ற மையத்துக்கு அனுப்புவது என்ற படிவரிசையே தேவை. ஒவ்வொரு படியும் தனித்தனியே நாட்டில் உள்ளது. ஏணியாக எங்கும் இணைக்கப்படவில்லை.

பெற்றோர் கையில் உள்ளது

அரசு அந்த ஏணியை அமைக்கும்வரை குழந்தை காத்திருக்க முடியாது. பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. ஓர் எழுத்து, ஒரு சொல், ஒரு பத்தி, ஒரு சிறு கதை என்ற வரிசையில் குழந்தையை வாசிக்கச் சொன்னால் எந்தப் படியில் நிற்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 'அசர்' ஆய்வு பயன்படுத்துவதும் இதே முறைதான். கண், காது பரிசோதனையை முடித்த பின், கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவைச் சுட்டி, கூடுதல் போதனை கோரித் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் மனு அளிக்கலாம். குழந்தைக்கு எட்டு வயது நிறைந்தும் வாசிப்பில் முன்னேற்றம் இல்லையெனில், கற்றல் குறைபாட்டுக்கான முதற்கட்டச் சோதனையைக் கேட்கலாம்.

டியூஷன் தவிர்க்க முடியாதது என்றாலும், ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மார்க் வாங்க வைப்பீர்கள்" என்பதன்று. "குழந்தை நிற்கும் இடத்தில் இருந்து தொடங்குவீர்களா" என்பதே.

அவைக்கு முன் உள்ள கேள்வி

நிறுத்தி வைக்கும் கொள்கையில் மாநிலங்கள் பிரிந்து நிற்கின்றன. கர்நாடகத்தில் ஐந்து, எட்டு, ஒன்பது ஆகிய வகுப்புகளுக்கு வாரியத் தேர்வு நடத்தும் முயற்சி நீதிமன்றம் சென்றது. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ரத்து செய்ததும், இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்ததும், ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவுகளை வெளியிடத் தடை விதித்ததும் ஒரே கோடைக்குள் நடந்தன. தேர்வு எழுதிய குழந்தைகள் முடிவு தெரியாமல் காத்திருந்தனர். தமிழகம் எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைப்பதில்லை என்ற நிலையில் உறுதியாக உள்ளது.

இரு தரப்பு வாதங்களிலும் ஓர் உண்மை உண்டு. எல்லோரையும் தேர்ச்சி பெறச் செய்தால் திணறும் குழந்தை எவர் கண்ணிலும் படாமல் ஒன்பதாம் வகுப்பு வரை நகர்ந்துவிடும். நிறுத்தி வைத்தால், முதல் ஆண்டு பயன் தராத அதே வகுப்பறையில் இரண்டாம் ஆண்டும் அமரும்; இம்முறை தோழர்களும் இல்லாமல், அவமானத்துடன். குழந்தைக்கு உதவ ஆள் இல்லாதவரை இரண்டு கொள்கைக்கும் விளைவு ஒன்றுதான்.

ஆகவே நாடாளுமன்றம் கேட்க வேண்டியது எளிமையான ஒன்று. ஒரு குழந்தையை நிறுத்தி வைக்கும் முன், அதன் திணறலுக்கான காரணம் கண்டறியப்பட்டதா, இன்ன ஆசிரியர் இன்ன நாள்களில் இன்ன உதவி அளித்தார் என்ற பதிவு உள்ளதா என்று சட்டம் கேட்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாத பள்ளிக்கு நிறுத்தி வைக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. மூன்றாம் வகுப்புச் சோதனையின் முடிவுகள் வட்டாரவாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். மைசூருவில் அருகருகே உள்ள மூன்று நிறுவனங்களும் ஒரு வட்டாரத்தையேனும் கூட்டாக ஏற்று, கண்டறிதல், ஆசிரியர் பயிற்சி, மொழிப் பாலம் மூன்றையும் இணைத்துக் காட்ட வேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மூன்று அமைச்சகச் செயலர்களின் ஒரு கையெழுத்துச் சந்திப்பு போதும்.

எழுத்தும் எண்ணும் அறிதலை உறுதிப்படுத்த 2021 ஜூலையில் தொடங்கப்பட்ட 'நிபுண் பாரத்' இயக்கம், மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் வாசிக்க, எழுத, கணக்கிட அறிந்திருக்க வேண்டும் என்று 2026-27-ஐ இலக்காகக் குறித்தது. ஒவ்வொரு குழந்தையும் என்ற சொல்லுக்குள் மைசூருவின் டியூஷன் வாசலில் காத்திருக்கும் குழந்தையும் அடக்கம். கட்டணம் செலுத்த இயலாததால் அந்த வாசலுக்கே வர முடியாத குழந்தையும் அடக்கம்.